ஒன்பது பொதியும் ஒரு பெயரும்

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு சிறிய பள்ளி இருந்தது. கிறிஸ்தவப் போதகர்களைத் தயார் செய்வதற்காக அந்த வட்டாரத்துப் போதகர்களே சேர்ந்து 1701-ல் தொடங்கியது. நிலையான இடமில்லாமல் அலைந்து, 1716-ல் நியூ ஹேவனுக்கு வந்து சேர்ந்து, கையில் போதிய பணமில்லாமலே ஒரு மரக்கட்டடத்தை எழுப்பத் தொடங்கியிருந்தார்கள். 1718-ல் லண்டனிலிருந்து ஒரு நன்கொடை வந்தது. ஒன்பது பொதிச் சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியம் ஒன்று. சரக்கை விற்றதில் சுமார் 562 பவுண்டு கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் மாதப் பட்டமளிப்பு விழாவில், புதிய கட்டடத்துக்குக் கொடையாளியின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர்தான் இன்றைக்கு யேல் பல்கலைக்கழகம்.

கொடையாளி எலிஹு யேல் சென்னையில் சம்பாதித்தவர். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்து, முறைகேட்டுப் புகார்களில் சிக்கி, கிழக்கிந்தியக் கம்பெனியாலேயே பதவியிலிருந்து நீக்கப்பட்டவர்.

கெட்ட பெயர் எடுத்தவர்களிடம் பல்கலைக்கழகங்கள் பணம் வாங்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவுதான் வருகிறது. நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். ஆரணிப் பக்கம் தறி ஓடிய வீட்டில் பிறந்தவள். அதனால் இந்தக் கதையை நியூ ஹேவன் பக்கமிருந்து பார்க்க எனக்கு வருவதில்லை. பணம் கிளம்பிய கரையில் நின்றுதான் பார்க்கத் தோன்றுகிறது.

யேல் பிறந்தது 1649-ல், பாஸ்டனில். அவருடைய பாட்டியின் இரண்டாவது கணவர்தான் நியூ ஹேவன் குடியேற்றத்தின் முதல் கவர்னர் தியோஃபிலஸ் ஈட்டன். ஆனால் யேலுக்கு மூன்று வயதாகும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. அதன் பிறகு அவர் அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. 1672-ல் ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு சம்பளத்தில் எழுத்தராகச் சென்னைக்கு வந்து இறங்கினார். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயம் 1680 அக்டோபர் இறுதியில் திறக்கப்பட்டது. அங்கே நடந்த முதல் திருமணம் அவருடையதுதான். மணப்பெண் கேத்தரின், கோட்டையில் உயர் பதவியில் இருந்து அதே ஆண்டு இறந்துபோன ஜோசப் ஹின்மர்ஸின் விதவை. அந்தத் திருமணத்தோடு ஹின்மர்ஸின் சொத்தும் யேலின் கைக்கு வந்தது.

அவர்களுக்கு டேவிட் என்று ஒரு மகன் பிறந்து, நான்கு வயது நிறையும் முன்பே இறந்தான். தாயின் முதல் கணவரை அடக்கம் செய்த இடத்திலேயே அவனையும் அடக்கம் செய்தார்கள். கூர்நுனிக் கோபுரம் போன்ற அந்தக் கல்லறை இன்றும் உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படையினர் அந்த இடுகாட்டுக் கல்லறைகளை மறைவிடமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதனால் பிற்பாடு மற்றக் கல்லறைகளை அகற்றி, எழுத்துப் பொறித்த கற்களைக் கோட்டைத் தேவாலயத்தின் முற்றத்தில் பாவிவிட்டார்கள். இது தப்பியது. பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருப்பதால் பக்கத்தில் புதுக் கட்டடம் கட்ட முடியாது. வாகன நிறுத்துமிடம் கட்டுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று வழக்கு வந்து, கல்லறையை வேறிடத்துக்கு மாற்றும்படி 2023-ல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட்டபோது பத்திரிகைகளில் இந்தப் பெயர் சில நாள் அடிபட்டது. பிள்ளையின் கல்லறையைப் பெயர்ப்பதா வேண்டாமா என்று எல்லோரும் பேசினார்கள். தகப்பனின் பணம் எப்படி வந்தது என்ற பேச்சு என் காதில் விழவே இல்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

பத்துப் பவுண்டு எழுத்தர் எப்படிப் பெருஞ்செல்வர் ஆனார்? கம்பெனி ஊழியர்கள் சொந்தக் கணக்கிலும் வியாபாரம் செய்தார்கள். யேல் துணியில் இறங்கினார், கோல்கொண்டா வைரத்தில் இறங்கினார். இரண்டிலும் கம்பெனிப் பதவிதான் அவருக்கு முதலீடு. சென்னையின் துணி வியாபாரம் முன்பணத்தில் நடந்தது. கம்பெனி பெரிய வணிகர்களுக்கு முன்பணம் கொடுக்கும். அவர்கள் தரகர்கள் வழியாக ஊர் ஊராக நெசவாளர்களிடம் கொண்டு சேர்ப்பார்கள். துணி வந்ததும் கோட்டையில் தரம் பிரிப்பார்கள். அளவு குறைந்ததும் நெருக்கம் குறைந்ததும் கழிவில் போகும். பஞ்சத்தில் நூல் விலை ஏறினாலும் பேசிய விலை பேசியதுதான். தறியில் உட்கார்ந்தவன் அடுத்த முன்பணத்துக்குக் கை நீட்டித்தான் இந்தத் துண்டை முடிக்க வேண்டும். என் தாத்தா காலத்திலும் முதலாளிக்கும் தறிக்காரருக்கும் இடையே கணக்கு இப்படித்தான் இருந்தது. ஆகவே இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

துணியைவிடக் கொடிய கணக்கு ஒன்று உண்டு. 1686-87-ல் சோழமண்டலக் கரையில் கடும் பஞ்சம். வடக்கே ஔரங்கசீப்பின் படை கோல்கொண்டாவை முற்றுகையிட்டிருந்தது. பசி தாங்காமல் தன்னையும் பிள்ளைகளையும் விற்கும் நிலைக்கு மக்கள் வந்தார்கள். பிள்ளை பிடிப்பவர்களும் கிளம்பினார்கள். விற்கப்பட்டவர்கள் கோட்டை வழியாகக் கப்பலேறினார்கள். 1687-ல் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் அடிமைகளாகச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஏற்றுமதியானார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளையாவது ஏற்றிச் செல்ல வேண்டும் என்று கோட்டையின் ஆட்சிக் குழு உத்தரவு போட்டது. போன இடங்களில் செயின்ட் ஹெலினா தீவும் ஒன்று. யேல் அந்தக் குழுவில் இருந்தார். 1687 ஜூலையில் கவர்னரும் ஆனார்.

1688 மே மாதம் அதே ஆட்சிக் குழு சென்னையிலிருந்து அடிமை ஏற்றுமதியைத் தடை செய்தது. இதைக் காட்டி, யேல் அடிமை வியாபாரத்தை நிறுத்தியவர் என்று வெகுகாலம் அவருக்குப் புகழ் பாடியிருக்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். கோல்கொண்டா விழுந்து, சென்னை வட்டாரம் மொகலாய ஆட்சியின் கீழ் வந்துவிட்டது. தங்கள் குடிமக்கள் கடத்தப்படுவது பற்றி அந்த அதிகாரிகள் புகார் செய்தார்கள். பஞ்சம் தணிந்ததும் வியாபாரத்தில் லாபமும் குறைந்தது. தடை அப்படி வந்தது. தடை போட்ட பிறகும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானவர்களை அடிமையாக்கும் தண்டனை கோட்டையில் தொடர்ந்தது.

யேலைப் பற்றி இன்னொரு கதை உண்டு. கேட்காமல் குதிரையை ஓட்டிச் சென்ற தன் குதிரைக்காரனைத் தூக்கில் போட்டார் என்பது. பிற்காலப் பயண நூல் ஒன்றில் வருவது அது. கேட்பவர்கள் உடனே அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நான் அதை வகுப்பில் சொன்னதில்லை. ஆட்சிக் குழு முறையாகக் கூடி, முறையாக எழுதி வைத்த உத்தரவுகள் கையில் இருக்கும்போது அந்தக் கதை எதற்கு?

1690-ல் கடலூர் அருகே தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியதும் யேல் காலத்தில்தான். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் கோட்டைக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். அப்படிக் கைமாறிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. அங்கே குடியிருந்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

இதற்குள் யேலுக்கும் அவருடைய ஆட்சிக் குழுவினருக்கும் மோதல் முற்றிவிட்டது. கம்பெனிப் பணத்தைச் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார், அதிகாரத்தைத் தன் குடும்பத்தின் லாபத்துக்கு வளைத்தார் என்று குற்றச்சாட்டுகள் லண்டனுக்குப் போயின. 1692-ல் பதவி பறிபோனது. விசாரணையும் கணக்கு வழக்கும் இழுத்துக்கொண்டே போக, 1699-ல்தான் அவரால் சென்னையை விட்டுக் கப்பலேற முடிந்தது. செல்வத்தோடுதான் ஏறினார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று சமாதானம் சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்தக் காலத்துக் கம்பெனிக்கே அது பொறுக்கவில்லை.

லண்டனில் அவர் மெல்ல மெல்லப் பெரிய மனிதர் ஆனார். வைர வியாபாரம், ஓவியச் சேகரிப்பு, தேவாலயங்களுக்கும் தர்ம காரியங்களுக்கும் கொடை. 1717-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். பதவி நீக்கம் நடந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நடந்த இடமோ ஆறு மாதக் கடல் பயணத்துக்கு அப்பால்.

இங்கேதான் ஜெரமையா டம்மர் வருகிறார். லண்டனில் அமெரிக்கக் குடியேற்றங்கள் சிலவற்றின் முகவர். 1711-லேயே அவர் கனெக்டிகட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் கோட்டைக் கவர்னராக இருந்த திரு. யேல் மாபெரும் சொத்துச் சேர்த்திருக்கிறார், அவருக்கு மகன் இல்லை என்று அதில் தகவல் சொல்கிறார். பணம் எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அணுகினார்கள். பாஸ்டனின் புகழ்பெற்ற போதகர் காட்டன் மாதர் 1718 ஜனவரியில் யேலுக்கு எழுதினார். கல்லூரிக்கு அவர் பெயரை வைக்கலாம், பிள்ளைகளால் நிலைக்கும் பெயரைவிடவும், எகிப்தின் பிரமிடைவிடவும் அது மேலானது என்று ஆசை காட்டினார். மகனை இழந்த தகப்பனுக்கு எதைச் சொன்னால் மனம் இளகும் என்று மாதருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்போதும் யேல் தயங்கினார். தயங்கிய காரணத்தை டம்மர் எழுதி வைத்திருக்கிறார். தான் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவன், அந்தத் திருச்சபையிலிருந்து பிரிந்து நிற்பவர்கள் நடத்தும் கல்விக்கூடத்துக்குப் பணம் கொடுப்பது சரியா என்பதுதான் அவருடைய சங்கடம். டம்மர் பேசிச் சரிசெய்தார். 

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். கொடுப்பது அறமா, வாங்குவது அறமா என்ற கேள்வி 1718-லும் கேட்கப்பட்டது. கடவுள் நம்பிக்கையும் கல்வியும் கொண்ட, தங்கள் மனசாட்சியைத் தினமும் சோதித்துப் பார்த்த மனிதர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு உறுத்தியது சபை வேற்றுமை. பணம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பது உறுத்தவில்லை. கொடுப்பவரும் வாங்குபவரும் உட்கார்ந்து பேசிய மேசையில் மூன்றாவது ஆளுக்கு நாற்காலி போடவே இல்லை. முந்நூறு ஆண்டு கழிந்த பிறகும் அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

ஜெஃப்ரி எப்ஸ்டீன் விவகாரத்தைப் பாருங்கள். சிறுமியை விபசாரத்துக்கு அழைத்த குற்றத்துக்காக 2008-ல் தண்டிக்கப்பட்டவர். ஹார்வர்டு பல்கலைக்கழகம் அதற்கு முந்தைய பத்தாண்டில் அவரிடம் 91 லட்சம் டாலர் வாங்கியிருந்தது. தண்டனைக்குப் பின் பணம் வாங்குவதை நிறுத்தியது. ஆனால் 2010-க்கும் 2018-க்கும் இடையில் அவர் நாற்பது தடவைக்கு மேல் அங்குள்ள ஒரு ஆய்வு மையத்துக்கு வந்து போனார் என்று பல்கலைக்கழகத்தின் சொந்த அறிக்கையே 2020-ல் சொன்னது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தண்டனைக்குப் பிறகும் வாங்கியது. மொத்தம் எட்டரை லட்சம் டாலர். பெயர் வெளியே தெரியாமல் இருக்க ஏற்பாடும் நடந்தது. 2019-ல் விஷயம் வெடித்ததும் அங்கிருந்த மீடியா லேப் இயக்குநர் பதவி விலகினார்.

பெயர் போடாமல் வாங்கினால் தவறில்லை, கெட்டவருக்கு அதனால் மரியாதை கிடைக்காது அல்லவா என்று அப்போது சில அறிஞர்கள் வாதாடினார்கள். நேர்மையாக முன்வைக்கப்பட்ட வாதம்தான். எனக்கு ஏற்பில்லை. பெயரோடு கொடுத்தால் கௌரவம் கிடைக்கிறது, பெயரில்லாமல் கொடுத்தால் கதவு திறக்கிறது. இரண்டும் விற்பனைதான்.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், லிபிய அதிபர் கடாஃபியின் மகன் நடத்திய அறக்கட்டளையிடமிருந்து 15 லட்சம் பவுண்டு பெற ஒப்புக்கொண்டது. மூன்று லட்சம் வந்து சேர்ந்த நிலையில், 2011-ல் லிபியாவில் கடாஃபியின் படை மக்களைச் சுடத் தொடங்கியதும் இயக்குநர் ஹோவர்ட் டேவிஸ் பதவி விலகினார். ஆக்ஸிகான்டின் வலி மாத்திரையால் பணம் குவித்த சாக்லர் குடும்பத்தின் பெயரை டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2019-ல் தன் மருத்துவக் கல்லூரிச் சுவர்களிலிருந்து எடுத்தது. 2023-ல் ஆக்ஸ்ஃபோர்டும் எடுத்தது. எடுக்க வேண்டியதுதான். அதற்குப் பிறகு என்ன?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் கல்லூரி நூலக உதவியாளர். நிதி நிறுவனம் நடத்திய ஒருவர் எங்கள் நூலகத்துக்கு ஒரு தளம் கட்டிக் கொடுத்திருந்தார். திறப்பு விழாவில் நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். சில ஆண்டுகளில் நிறுவனம் மூடியது. ஊரில் பாதிப் பேர் பணம் போட்டிருந்தார்கள், மகள் கல்யாணத்துக்கு, வீட்டுக் கூரைக்கு என்று. நிர்வாகம் ஒரு விடுமுறை நாளில் சத்தமில்லாமல் கல்வெட்டைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்பு பூசியது. நல்ல வேளை, மானம் தப்பியது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். அந்த உதவியாளர் என்னிடம் வந்து, “மேடம், போர்டைக் கழட்டிட்டாங்க, சரி. கட்டடம் இங்கதானே இருக்கு? அதுல என் காசும் இருக்குல்ல?” என்று கேட்டார். ஆட்சி மன்றத்துக்குக் கடிதம் எழுதினேன். அந்தத் தொகையைத் தவணையிலாவது முதலீட்டாளர்களுக்கான தீர்வுக் கணக்கில் கட்டுவோம் என்று கேட்டிருந்தேன். கட்டிய கட்டடத்தை எப்படித் திருப்புவது என்று பதில் வந்தது. அவருக்குக் கடைசி வரை எதுவும் கிடைக்கவில்லை.

பெயரை எடுப்பது கல்லூரியின் மானத்துக்காக. பணத்தைத் திருப்புவது பறிகொடுத்தவருக்காக. முதலாவதை எல்லோரும் செய்கிறார்கள்.

யேல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. 1719 வாக்கில் வரைந்தது. எலிஹு யேலும் அவர் குடும்பத்து ஆண்களும் மேசையைச் சுற்றி மதுவோடு இருக்கிறார்கள். ஓரத்தில் கறுப்பினச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். கழுத்தில் பூட்டுப் போட்ட வெள்ளிப் பட்டை. 2020-ல் அதைக் காட்சியிலிருந்து எடுத்து, அதே இடத்தில் டைட்டஸ் கஃபார் என்ற ஓவியர் அந்தச் சிறுவனை முதன்மையாக்கி, பட்டை இல்லாமல் வரைந்த படத்தை மாட்டினார்கள். பிறகு ஆய்வு செய்து, விளக்கத்தோடு பழைய ஓவியத்தையும் திரும்ப வைத்தார்கள். அடிமை முறையை ஆதரித்த ஜான் கல்ஹூனின் பெயரை ஒரு விடுதிக் கல்லூரியிலிருந்து 2017-ல் நீக்கினார்கள். 2024 பிப்ரவரியில், அடிமை முறையோடு தனக்கிருந்த உறவுக்காகப் பல்கலைக்கழகம் முறையாக மன்னிப்புக் கேட்டது. வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் தலைமையில் எழுதிய விரிவான நூலையும் வெளியிட்டது. எனக்குத் தெரிந்து நம் ஊர்ப் பல்கலைக்கழகம் எதுவும் தன் கொடையாளிகளைப் பற்றி இப்படி ஒரு நூல் எழுதியதில்லை. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆனால் மன்னிப்போடு அறிவித்த திட்டங்கள் நியூ ஹேவன் நகரத்துக்கும் அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் கல்விக்குமானவை. அவர்களுக்குச் சேர வேண்டியது அது, அதில் ஒரு காசு குறைக்கச் சொல்லமாட்டேன். சோழமண்டலக் கரையின் கணக்கு தனியாக நிற்கிறது. அந்த ஒன்பது பொதியில் காலிக்கோவும் மஸ்லினும் இருந்தன, ஐரோப்பியத் துணிகளும் இருந்தன. எந்த முழம் எந்த ஊர்த் தறியில் ஓடியது என்று இன்றைக்குப் பிரிக்க முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை. அவற்றை வாங்கிய கை செல்வம் சேர்த்தது இங்கேதான்.

அதற்காகப் பெயரை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. பெயர் இருந்தால்தான் கேட்க ஓர் ஆள் இருக்கும். செய்யக்கூடியது ஒன்று உண்டு. செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் அந்தக் கால நாட்குறிப்பு, ஆலோசனைப் புத்தகங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு அச்சகம் அவற்றை ஆண்டு வாரியாக ஆங்கிலத்தில் அச்சிட்டது. 1687-ஆம் ஆண்டுப் புத்தகமும் அதில் உண்டு. அடிமைக் கப்பல், அபராதம், முன்பணம், பஞ்சம் எல்லாம் அதில் நாள் போட்டு எழுதியிருக்கிறது. இவற்றைத் தமிழில் கொண்டுவரவும், கோட்டை வழியாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று தேடவும் ஆகும் செலவை யேல் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். அந்தத் தேடலைத் தமிழ்நாட்டு மாணவர்கள் செய்ய வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரி நிர்வாகங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. சுவரில் கல்வெட்டு வைக்கும் முன்பே, கொடையாளியின் பணத்தை எழுதும் பதிவேட்டில் அது வந்த வழியையும் எழுதி, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும்படி நூலக மேசையில் வையுங்கள்.

வரலாறு படிக்கும் பிள்ளைகளே, யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம். எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் காப்பகம் பக்கத்தில்தான். 1687-ஆம் ஆண்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.